நரித்தடமும் பனிச்சரிவும்

ஒரு மலையில், மரங்களே குளிருக்கு அஞ்சி ஏறாமல் நின்றுவிட்ட உயரத்துக்கும் மேலே, ஒரு மலையாட்டுக் கூட்டம் இருந்தது. அதன் தலைவன் வச்சிரக்கொம்பன் என்னும் கிடா. தன் கொம்புகளைவிடப் பலமான பொருள் உலகில் இல்லை என்பது அதன் முடிவு. அந்த மலையைத் தவிர உலகில் வேறெதையும் அது பார்த்ததில்லை.

கூட்டத்தின் பின்னாலேயே நுணுக்கி என்ற வெள்ளை முயல் திரியும். ஆடுகள் குளம்பால் பனியைக் கிளறி மேய்ந்த இடத்தில் மிஞ்சும் புல்தான் அதன் குளிர்காலச் சாப்பாடு. எதையும் தோண்டிப் பார்க்காமல் அது நம்பாது.

மூன்று நாள் வீசிய பனிப்புயல் ஒரு காலையில் ஓய்ந்தது. ஆடுகள் பசியோடு முகட்டில் வந்து நின்றன. எதிர்ப்பக்கம் வெயில் பட்டுப் புல் தெரிந்தது. நடுவே ஒரு செங்குத்தான சரிவு, புதுப்பனி மூடி வழவழவென்று கிடந்தது. அதன் குறுக்கே ஒரு நரியின் காலடித்தடம் ஓடியது.

"நரி போயிருக்கிறது. நல்ல வழிதான். எல்லோரும் என் பின்னால் வரிசையாக வாருங்கள்!" என்றது கிடா.

முன்னால் போகும் ஆடு மிதித்த இடத்திலேயே பின்னால் வரும் ஆடும் மிதிக்கும். அதுதான் அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

நுணுக்கி சரிவின் ஓரத்தில் பரபரவென்று தோண்டியது. மேலே காற்று அடித்து இறுக்கிய பனி, பலகைபோல இருந்தது. அதன் அடியில் பழைய பனி, சர்க்கரைபோல ஒட்டாமல் உதிர்ந்தது. பலகை வழுக்கினால் முப்பது ஆடுகளும் போய்விடும். தன் சாப்பாடும் கூடவே போய்விடும்.

"அண்ணா, அடியில் பனி ஒட்டவே இல்லை. நரி பஞ்சுப்பொதி மாதிரி. நீங்களோ முப்பது பேர்!"

"முயலுக்குத் தன் நிழலே பயம்" என்று கிடா சிரித்தது. ஆடுகளும் சிரித்தன. தலைவன் சிரித்தால் சிரிப்பதும் அவற்றின் வழக்கம்.

நுணுக்கி சுற்றுமுற்றும் பார்த்தது. முகட்டு விளிம்பில் ஓர் உருண்டைப் பாறை இருந்தது.

"சரி அண்ணா, போய் வாருங்கள். ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பாறையை எந்தக் கொம்பாலும் அசைக்க முடியாதென்று நரி சொன்னதே, நிஜமா?"

நரி அப்படி எதுவும் சொல்லவில்லை. முயலோடு நின்று பேசும் பழக்கம் நரிக்குக் கிடையாது.

"நரியா சொன்னது? தள்ளி நில்!"

கிடா பத்தடி பின்வாங்கி, ஓடிவந்து முட்டியது. பாறை உருண்டு சரிவில் விழுந்தது. 'வும்' என்று ஒரு சத்தம். பனியின் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. அடுத்த மூச்சில் சரிவு முழுவதும் பெயர்ந்து, புகையாய் எழும்பி, பள்ளத்தாக்கின் அடியில் போய்க் குவிந்தது. நரித்தடமும் அதோடு போயிற்று.

பிறகு கிடா தொண்டையைக் கனைத்தது.

"பார்த்தீர்களா? உங்களுக்காக வழியைச் சுத்தம் செய்துவிட்டேன்."

"உங்களைத் தவிர வேறு யாரால் முடியும், அண்ணா!" என்ற நுணுக்கி, சரிவில் மிஞ்சிய கெட்டிப்பனியைத் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தது. ஆடுகள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுக் கடந்தன.

அன்று கிடா மேய்ந்த இடத்தில் வழக்கத்தைவிட நிறையவே புல் மிஞ்சியிருந்தது. நுணுக்கி ஏனென்று கேட்காமல் சாப்பிட்டது.

நீதி: முன்னால் போனவர் பிழைத்தார் என்பதை மட்டுமே காலடித்தடம் சொல்லும், நம்மைத் தாங்குமா என்று தரையைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.