மழையிலும் குன்றேறிய முயல்

பாறைகள் மிகுந்த ஒரு காட்டில், குன்றின் இப்புறத்துப் புதரில் பஞ்சன் என்னும் முயலும் அவன் மனைவி நெடுஞ்செவியும் வாழ்ந்து வந்தனர். அறுகம்புல்லோ குன்றின் அப்புறத்தில்தான் விளைந்தது. காலைதோறும் இருவரும் குன்றேறி இறங்கி, மேய்ந்து திரும்புவர். நெடுஞ்செவிக்கு எதிலும் ஐயம். இலை உதிர்ந்தாலும் உதிர்த்தது யார் என்று கேட்பாள்.

ஒரு நாள் நரி ஒன்று சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கவ்விக்கொண்டு புதரண்டை வந்தது.

"மைத்துனரே, குன்றேறிக் கால் தேய்வானேன்? தங்கையும் நீங்களும் இதை உண்ணுங்கள்" என்றது.

"நரியின் வயிற்றில் எனக்கோர் அண்ணன் பிறந்ததாக என் தாய் சொல்லவில்லையே" என்றாள் நெடுஞ்செவி.

பஞ்சன் அதற்குள் பாதிக் கிழங்கைத் தின்றிருந்தான்.

அன்றுமுதல் நாள் தவறாமல் கிழங்கு வந்தது. பஞ்சன் குன்றை மறந்தான், தின்றான், உறங்கினான். தனியே மேய்ந்து வந்த நெடுஞ்செவி, நரி அமரும் இடத்தையே கவனித்தாள். முதலில் வேலமரத்தடியில் அமர்ந்தது, பின்னர்ப் புற்றருகே, இப்போது புதரின் நிழலிலேயே. தான் நெருங்கும்போது பஞ்சன் எழ எவ்வளவு நேரமாகிறது என்பதை அதன் கண்கள் அளந்துகொண்டிருந்தன.

"கிழங்கு உங்களுக்கு, நீங்கள் நரிக்கு" என்றாள் கணவனிடம்.

பஞ்சன் தன் தொந்தியைப் பார்த்து நடுங்கினான். "இன்றே பழைய உடம்பை மீட்கிறேன். பொழுது சாயும்வரை ஓட்டம், புல்லும் வேண்டாம்" என்று குன்றைச் சுற்றத் தொடங்கினான்.

வழியில் நின்ற நரி, "பலே மைத்துனரே, நிறுத்தாதீர்கள். இன்னும் ஒரு சுற்று" என்றது.

நெடுஞ்செவியின் காதுகள் நிமிர்ந்தன. கிழங்கு தந்து படுக்கவைத்த நரி, ஓட்டத்தைப் புகழ்வானேன்? இன்று இவர் ஓடி ஓய்ந்தால், நாளை கால்களை அசைக்கவும் முடியாது. அதற்குத்தான் இந்தப் பலே.

குறுக்கே பாய்ந்து, "போதும், நில்லுங்கள்" என்றாள்.

"படுத்தால் திட்டுகிறாய், ஓடினால் தடுக்கிறாய். உனக்கு என்னதான் வேண்டும்?"

"நாளையும் நீங்கள் எழ வேண்டும். மறுநாளும்."

மறுநாள் பாதிக் குன்றுவரை சென்றார்கள். சில நாளில் உச்சிக்கு, பின்னர்ப் புல்வெளிக்கே. கிழங்கு புதரோரம் கிடந்து அழுகியது.

"இன்றுமா போனீர்கள்? ஒரு நாள் தங்கினால் குன்று எங்கே போய்விடும்?" என்று நரி நயமாகக் கேட்டுப் பார்க்கும். பஞ்சன் புல்லை மென்றபடியே கடந்து செல்வான்.

மழைக்காலம் வந்தது. 'இந்த மழையில் எந்த முயல் குன்றேறும்? படுத்துக் கொழுக்கட்டும்' என்று நரி தன் குகையில் சுருண்டுகொண்டது.

மழை விட்ட காலையில், கிழங்கு இல்லாமலே வந்து பஞ்சன்மேல் பாய்ந்தது. அவனோ துள்ளிக் குன்றில் ஏறினான். நெடுஞ்செவியும் உடன் ஓடினாள். ஈரப்பாறையில் எங்கே மிதிக்க வேண்டும் என்பது அவர்கள் கால்களுக்குத் தெரிந்திருந்தது. நரியின் கால்களுக்குத் தெரியவில்லை. வழுக்கிப் புரண்டு அடிவாரத்தில் விழுந்தது.

மூச்சிரைக்க அண்ணாந்து, "மைத்துனரே, மழையிலுமா போனீர்கள்?" என்று கேட்டது.

"போனோம். நீங்கள்தான் வரவில்லை, அண்ணா" என்றாள் நெடுஞ்செவி.

நீதி: ஒரு நாள் ஓடிக் களைத்த கால் மறுநாளே கைவிடும், நாளும் அளவாய் உழைத்த கால் ஆபத்தில் காக்கும்.