பிள்ளைக்கு எட்டாத வீடு

மொக்கணூர்க்காரர்களைப் பற்றி நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள். அது மொக்கணூரிலேயே யாருக்கும் தெரியாது.

அந்த ஊரில் இருசப்பன், அங்கமுத்து, சடையன் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர். குடி கிடையாது, சூது கிடையாது, ஒருத்தரை ஏசிப் பேசி அறியமாட்டார்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான் வந்தது.

மூத்தவன் இருசப்பனுக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி பெயர் பாவாயி. நாலு வயதில் தருணேஷ் என்று ஒரு பையன், இரண்டு வயதில் மகிழினி என்று ஒரு பெண். பழைய தறிக்கூடம் ஒன்றை வாங்கி, தறிகளை வெளியேற்றிவிட்டு, எல்லோருமாக அதில் குடிபுகுந்தார்கள். பதினாலடி உயரத்தில் இரும்பு உத்தரங்கள், காற்று ஜம்மென்று வரும். ஆனால் தறிதான் போயிற்றே தவிர, பார்க்கிறதுக்கு அது இன்னமும் தறிக்கூடமாகவே இருந்தது.

குடிபுகுந்த பத்தாம் நாள் மகிழினி மேசை மூலையில் இடித்துக்கொண்டு நெற்றி எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்தது. அன்று சாயங்காலமே தருணேஷ் துணிக்குப் போடுகிற சொட்டுநீலத்தைக் குடிக்கப் போனான். வாய்க்குப் பக்கத்தில் போனதைப் பிடுங்கினார்கள். பாவாயி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆத்தூரில் இருக்கிற அவள் அண்ணன் செங்கோடன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

போய்ச் சேர்ந்து போன் பண்ணினாள். அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்ப்பார், இதில் பிள்ளை வளர்க்கலாம் என்று அவர் சொன்னால் வருவேன், இல்லாவிட்டால் ஆத்தூரிலேயே பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவேன் என்றாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

இருசப்பன் ஆடிப்போய்விட்டான். மகிழினி தினமும் மத்தியானம் அவன் வயிற்றின் மேல் குப்புறப் படுத்துத் தூங்குகிற பிள்ளை. அவள் இல்லாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வயிறு லேசா இருக்குதுடா, பறந்து போயிருவேன் போல இருக்கு" என்று தம்பிகளிடம் சொல்லி அழுதான். தம்பிகளும் கூட உட்கார்ந்து அழுதார்கள்.

மறுநாள் பாவாயியே மனசு இரங்கி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். அவள் வீடு அலங்கரிக்கிற வீடியோவெல்லாம் விடாமல் பார்க்கிறவள். சுவர் அழுக்குத் தெரியாத நிறமாக இருக்க வேண்டும், மேசையில் மூலை என்பதே இருக்கக் கூடாது, பொருளெல்லாம் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும், புழங்கவும் வசதியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் சொன்னாள். மூன்று பேரும் அதைப் பதினேழு தடவை கேட்டார்கள்.

முதலில் நிறம். அழுக்குத் தெரியாத நிறம் எது? அங்கமுத்து கருப்பு என்றான். கருப்பில் சுண்ணாம்பு பட்டால் தெரியுமே என்றான் சடையன். பச்சை என்றால் மஞ்சள் கறை தெரியும், மஞ்சள் என்றால் பச்சை தெரியும். வெயில் தாழும்வரை யோசித்து இருசப்பன் ஒரு முடிவுக்கு வந்தான். அழுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் சுவர் அழுக்கு நிறத்திலேயே இருக்க வேண்டும்.

அழுக்குக்கு எங்கே போவது? தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பதினோரு பிள்ளைகளைக் கூப்பிட்டு, வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, பருப்புச் சோறும் ராகிக் களியும் கலர் பென்சிலும் ஈர மண்ணும் கொடுத்து, இஷ்டம்போல விளையாடுங்கள் என்றார்கள். பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த வேட்டியைப் பெயிண்ட் கடையில் கொண்டுபோய் விரித்து, இதே நிறம் வேண்டும் என்றார்கள். கடைக்காரர் வேட்டியைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். நிறம் கலக்குகிற மெஷினில் என்னென்னவோ ஊற்றி எதையோ ஒன்றைக் கலக்கிக் கொடுத்தார். அந்த நிறத்துக்கு அட்டையில் பெயர் கிடையாது. மூடியின் மேல் "திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்று எழுதி அனுப்பினார்.

சுவர், தரை, கதவு எல்லாவற்றுக்கும் அதையே அடித்தார்கள். சன்னல் கண்ணாடியில்தான் அழுக்கு அதிகம் தெரியும் என்று அதற்கு மட்டும் இரண்டு கோட்டிங். அடித்து முடித்ததும் ஒரு குண்டான் சாம்பாரைத் தூக்கிச் சுவரில் ஊற்றிப் பார்த்தார்கள். ஊற்றின இடம் தெரியவில்லை. மூவருக்கும் பெருமை தாங்கவில்லை. லைட் சுவிட்சுக்கும் சேர்த்து அடித்துவிட்டதால் சுவரைத் தடவித் தடவித்தான் விளக்குப் போட வேண்டியிருந்தது. வசதியென்றால் சிரமமும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்.

அடுத்து மேசை. செங்கோடன் தங்கச்சிக்குச் சீராகக் கொடுத்த தேக்கு மேசை அது. நாலு மூலையையும் ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டு, வேலை முடிந்தது என்று டீ குடித்தார்கள். சடையன்தான் சும்மா இருக்காமல் எண்ணிப் பார்த்தான்.

"அண்ணே, எட்டு மூலை இருக்குது."

"நாலுதானே இருந்துச்சு?"

"நாலை வெட்டினோம். அது எட்டாயிருச்சு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. எட்டையும் அறுத்தார்கள், பதினாறு வந்தது. பதினாறை அறுத்தார்கள், முப்பத்திரண்டு. ஆத்திரம் வந்துவிட்டது. இராப்பகலாக மாறி மாறி அறுத்தார்கள். வியாழக்கிழமை காலையில் மேசைப் பலகை ஒரு தோசை அளவுக்கு வந்து நின்றது, மூலைகளை எண்ணுவதற்குச் சடையனுக்கு அவ்வளவு பெரிய எண் தெரியவில்லை. இனி இதைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுவதுதான் வழி என்று தீர்மானித்தார்கள்.

எட்டாத உயரம் என்றால் எவ்வளவு? இதற்கு மூன்று பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசினார்கள். தருணேஷ் கையைத் தூக்கினால் நாலடி. அப்படியானால் நாலடிக்கு மேல் வைத்தால் போதும் என்றான் அங்கமுத்து.

"நாற்காலி மேல ஏறி நின்னா?" என்றான் இருசப்பன்.

"அப்ப அஞ்சரை."

"நாற்காலி மேல சடையன் நின்னு, அவன் தோள் மேல பையன் நின்னா?"

"நான் எதுக்கு அவனை வச்சுக்கிட்டு நாற்காலி மேல ஏறப் போறேன்?" என்றான் சடையன்.

"அவன் கேட்டா நீ ஏற மாட்டியா?"

சடையன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "கேட்டா ஏறுவேன்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

கணக்குப் போட்டதில் பத்தடி வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பதினொன்று என்று வைத்துக்கொண்டார்கள். ஏணியைச் சாத்தி, தறிக்கயிறு கொண்டு வந்து, பீரோ, சோபா, டிவி, அரிசி டிரம், பாத்திரம், பாய், தலையணை, அடுப்பு, அந்தத் தோசை மேசை என்று ஒவ்வொன்றாக உத்தரத்தில் ஏற்றிக் கட்டினார்கள். கட்டிலை நாலு கயிற்றில் தொங்கவிட்டு, அங்கமுத்து அதில் உட்கார்ந்துகொண்டு மேல்வேலையைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கீழே ஒரு பொருள் இல்லை. ஏணி மட்டும்தான் நின்றது.

இருசப்பனுக்குப் பகீரென்றது. இருக்கிறதிலேயே ஆபத்தான பொருள் ஏணிதானே? பையன் ஏறிவிட்டால் அத்தனையும் எட்டிவிடும். ஏணியையும் மேலே இழுக்கச் சொன்னான். அங்கமுத்து இழுத்துப் பீரோவுக்குப் பக்கத்தில் கட்டினான். மூன்று பேரும் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அங்கமுத்து மேலேயிருந்து பார்த்தான்.

அரைமணி நேரம் கழித்துத்தான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "நான் எப்படிண்ணே இறங்கறது?"

ஏணியை இறக்கினால் இறங்கலாம். ஆனால் இறங்கிய பிறகு ஏணி கீழே இருக்கும். அதை மேலே ஏற்ற மேலே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஏணியில் ஏறிப் போய் ஏணியை இழுத்துவிட்டால், அவன் எப்படி இறங்குவது? எந்தப் பக்கம் போனாலும் மேலே ஒருத்தன் இருந்தாக வேண்டும். ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறான், அப்புறம் எதற்கு இன்னொருத்தனை ஏற்ற வேண்டும் என்று இருசப்பன் கேட்டான்.

அங்கமுத்துவும் பெரிதாக வருத்தப்படவில்லை. அடுப்பும் அரிசியும் அவனிடம்தான் இருந்தன. அங்கேயே சமைத்து வாளியில் கயிறு கட்டிக் கீழே இறக்கினான். தண்ணீரும் காய்கறியும் அதே வாளியில் மேலே போயின. மற்றக் காரியங்களைப் பற்றிக் கேட்பீர்கள். அதற்கு வேறு வாளி.

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கோடன் வந்தார். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர், ஆயிரம் கோழி கத்தினாலும் அதற்கு மேல் கத்தக்கூடியவர். அம்மாவை விட்டு வரமாட்டோம் என்று சொல்ல வேண்டிய பிள்ளைகள், அப்பாவைப் பார்க்கணும் என்று கதறியதால் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. எதிர்ச்சுவர் எங்கே தொடங்குகிறது, தரை எங்கே முடிகிறது என்றும் தெரியவில்லை.

"வாங்க மச்சான், காபி சாப்பிடறீங்களா?" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

செங்கோடன் நிமிர்ந்து பார்த்தார். அவர் சீராகக் கொடுத்த பீரோ, அவர் கொடுத்த கட்டில், கட்டிலில் அங்கமுத்து, பக்கத்தில் கொதிக்கிற பால். கத்துவதற்காக வாயைத் திறந்தார். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்படியே திறந்தபடி நின்றார்.

அதற்குள் பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிட்டன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடின. இடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இழுத்துத் தள்ள ஒன்றும் இல்லை. தருணேஷ் சட்டைப் பையிலிருந்து கலர் பென்சிலை எடுத்து ஒரு சுவர் முழுக்கக் கிறுக்கினான், கிறுக்கினது தெரியவில்லை. மகிழினி வாளியில் இறங்கி வந்த காபியைக் கொட்டினாள், கொட்டின இடம் தெரியவில்லை. பிறகு ஓடிவந்து, தரையில் மல்லாந்து படுத்திருந்த அப்பா வயிற்றின் மேல் குப்புறப் படுத்தாள். இருசப்பன் அசையாமல் படுத்திருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போனது, துடைக்கக்கூட இல்லை.

ஒரு மணி நேரம் எந்தப் பிள்ளையும் அழவில்லை. யாரும் "தொடாதே" என்று சொல்லவில்லை. செங்கோடனுக்கும் வீட்டில் மூன்று வாண்டுகள். டம்ளரில் இருந்த காபியைக் கடைசிச் சொட்டுவரை சூடாகக் குடித்து அவருக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குக் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கியும் குடித்தார்.

அப்புறம் தங்கச்சிக்குப் போன் போட்டார். "பாவாயி, வீட்டைப் பார்த்துட்டேன். எப்படி இருக்குதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா பிள்ளைங்களுக்கு ஒன்னும் ஆகாது. நீ கெளம்பி வா." கிளம்பும்போது அவர் தன் பண்ணைக் கொட்டகை எத்தனை அடி உயரம் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே போனதாகச் சடையன் சொல்கிறான்.

சாயங்காலம் பாவாயி வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அவள் பேசியதையெல்லாம் நான் இங்கே எழுத முடியாது. பேசி முடித்து, "தம்பி, ஏணியை எறக்கு" என்றாள்.

"பிள்ளைங்க கீழ நிக்குதுங்களே அண்ணி" என்றான் அங்கமுத்து பணிவாக.

பக்கத்து வீட்டில் போய் ஏணி வாங்கிவரச் சடையனை அனுப்பினாள். சடையன் வாங்கி வந்து நிறுத்தியதும் அங்கமுத்து அதையும் மேலே இழுத்துக் கட்டிக்கொண்டான். ஆபத்தான பொருள் பக்கத்து வீட்டினுடையது என்றால் மட்டும் ஆபத்து குறைந்துவிடுமா?

"இப்படியே எத்தனை நாளைக்கு?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"பையன் வளர்ற வரைக்கும்" என்றான் இருசப்பன், வயிற்றில் தூங்குகிற பிள்ளை முழித்துவிடாமல் மெதுவாக. "பெரியவனாயிட்டா அவனுக்கு எட்டும். அவனே எல்லாத்தையும் எறக்கிருவான். அங்கமுத்துவையும்."

பாவாயி மறுபடி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து வாளி இறங்கி வந்தது. அதில் ஆவி பறக்கிற காபியும் நாலு வெங்காய போண்டாவும் இருந்தன. வேறு ஒருத்தர் போட்டுக் கொடுத்து அவள் காபி குடித்தது கல்யாணத்துக்கு முன்னால்தான். தரையில் உட்கார்ந்து குடித்தாள். பையன் ஓடிக்கொண்டிருந்தான், யாரும் அழவில்லை. குடித்துவிட்டுப் பையைப் பிரித்துப் பிள்ளைகளின் துணிகளை எடுத்து வாளியில் வைத்தாள். அவை மேலே போயின. சரி, அவள் தங்கிவிட்டாள் என்று இருசப்பன் மூச்சுவிட்டான்.

இப்போது மாதம் ஒன்றாம் தேதி ஆனால் பையனைச் சுவரோரமாக நிறுத்தி உயரம் குறிக்கிறார்கள். போன மாதம் போட்ட கோடு அந்தச் சுவரில் தெரியாது என்பதால் புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. போன தடவை குறித்து முடித்ததும் சடையன் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அங்கமுத்தண்ணன் கட்டிலை ஒரு ஆறடி எறக்கிக் கட்டிட்டா என்ன? பையனுக்குச் சீக்கிரமே எட்டிருமே. அவன் எறக்கி விட்டுருவானே."

இருசப்பன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தான். மேலே அங்கமுத்துவும் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தான். சாப்பாடு ஆறும்வரை இரண்டு பேரும் யோசித்தார்கள்.

"யோசனை நல்ல யோசனைதான்" என்றான் இருசப்பன் கடைசியில். "ஆனா எறக்கினா பையனுக்கு எட்டிருமேடா."

"அதானே" என்று மேலேயிருந்து அங்கமுத்து சொல்லிவிட்டு, கட்டிலை இன்னும் ஓரடி உயர்த்திக் கட்டிக்கொண்டான்.