மலைநாட்டுக் கோடு

முன்னொரு காலத்தில் தென்கடல் ஓரம் முத்தங்கரைச் சீமையைச் செம்பியதரையன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் யார் முதலில் காதைக் கடித்தார்களோ, அன்று முழுக்க அவர்கள் பக்கம். அவனோடு மல்லுக்கட்டியே மந்திரி காளத்தியாருக்குத் தலை நரைத்துவிட்டது. சந்தையில் கயிறு விற்று, பேரம் பேசியே மேலே வந்தவர் அவர்.

அவர் பதவிமேல் அரண்மனை வைத்தியர் மருதவாணருக்கு ஒரு கண். மலைநாட்டுக்குப் போய் ஒரு தோல்துருத்தி கொண்டுவந்தார். ஒரே மூச்சில் ஊத வேண்டும். துருத்தி உப்பி, பக்கத்துக் கோலிலுள்ள சிவப்புக் கோட்டைத் தொட வேண்டும். தொடாதவன் நெஞ்சு நோயாளியாம். முத்துக்குளிப்பவர் நூறு பேரும் ஊதினார்கள். ஒருத்தனும் தொடவில்லை. நாற்பது நாள் கடலில் இறங்காமல் கஷாயம் குடிக்கட்டும் என்றார் வைத்தியர். ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

முத்துக்குளிப்பு நாலு நாளில் தொடங்கி ஒரே மாதத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு மாத உழைப்பில்தான் வருஷம் முழுக்க நூறு வீட்டு அடுப்பும் எரியும். குளிகாரர் தலைவன் சாத்தன் வந்து சொன்னதும் காளத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சபைக்கு நடந்தார்.

"வைத்தியரே, அந்தக் கோடு யார் ஊதிப் போட்டது?"

"மலைநாட்டுக் காவல்வீரர்கள். ஆறடிக்குக் குறைந்தவன் அங்கே கிடையாது."

"அவனுக்குத் தைத்த சட்டையை நம்ம சாத்தனுக்கு மாட்டிவிட்டு, ஐயோ தொளதொளக்குதே, இளைச்சுப்போனான் என்பீரோ?"

ராஜா சிரித்துவிட்டு, கோட்டை ஒரு சாண் இறக்கினால் போச்சு என்றான். காளத்தியாருக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "கயிற்றுக்கடைப் பேரமா மகாராஜா இது? கண்ணை மூடி இறக்கினால் நிஜ நோயாளியும் தாண்டிவிடுவானே!"

வைத்தியர் விடவில்லை. சுண்ணாம்புச் சூளையில் வேலைசெய்யும் மலையாண்டி, பனைமர உயரம், அவன் கோட்டைத் தொட்டானே என்றார்.

"அப்படியா? உங்கள் சுகவாளியும் என் நோயாளியும் அரண்மனைக் குளத்தில் முங்கட்டும். சாத்தன் முதலில் எழுந்தால் என் மந்திரிப் பதவி உமக்கு."

இருவரும் முங்கினார்கள். இருபது எண்ணுவதற்குள் மலையாண்டி எழுந்து, குடல் வெளியே வருகிறமாதிரி இருமினான். எழுபது ஆயிற்று, எண்பது ஆயிற்று. ராஜாவுக்கே வியர்த்தது. சாவகாசமாகத் தலையை நீட்டிய சாத்தன், "இன்னும் இருக்கணுமா சாமி?" என்றான்.

ராஜா கோலை எடுத்து முறித்துப் போட்டான். "சரி, எதுதான்யா நம்ம கோடு?"

"நம்ம சீமையில் இருமாத, சூளைப்புகை குடிக்காத ஆணையும் பெண்ணையும் ஆயிரம் பேரை ஊதச் சொல்லுங்கள். உயரத்துக்கும் வயசுக்கும் தனித்தனிக் கோடு போடுங்கள். அந்த உயரத்துக்கு மலையாண்டி மூச்சு போதுமா என்று அப்போது தெரியும்."

குறித்த நாளில் தோணிகள் கடலேறின. ஊர் ஊராய்த் துருத்தி தூக்கும் வேலை வைத்தியர் தலையில் விழுந்தது. ஆறு மாதம் கழித்து, பனைமர உயரத்துக்கு வந்த புதுக் கோடு மலைநாட்டுக் கோட்டுக்கும் மேலே நின்றது; மலையாண்டி அதற்கு ஒரு சாண் குறைந்தான். அன்றே அவனைச் சூளையிலிருந்து மாற்றி வைத்தியம் தொடங்கினார்கள்.

அதெல்லாம் பிறகு. வைத்தியர் மூட்டை கட்டிய அன்று ராஜாவுக்கு ஒரு கவலை வந்தது: நூறு பேருக்குக் காய்ச்சிய கஷாயம் என்ன ஆவது?

"வீணாக்குவானேன் மகாராஜா?" என்றார் காளத்தியார். "வைத்தியர் ரொம்ப தூரம் நடக்கணும். வழிக்கு ஆகும்."