வாய் திறக்காத குண்டுமணி

இலுப்பை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் ஒரு கரடியம்மா வாழ்ந்து வந்தாள். அவளுக்கு ஒரே பிள்ளை. பெயர் குண்டுமணி. இரண்டு வயது கூட நிரம்பவில்லை. தேன் என்றால் அவனுக்கு உயிர். இலுப்பைப்பூ என்றால் அதைவிட உயிர்.

ஒருநாள் அவன் கொட்டாவி விட்டபோது கரடியம்மா பார்த்துவிட்டாள். கடைவாய்ப் பல்லில் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி!

"ஐயோ, சொத்தை விழப் பார்க்கிறதே! பல் போனால் என் பிள்ளை எதைத் தின்பான்?" என்று பதறினாள்.

உடனே ஒரு வேப்பங்குச்சியை ஒடித்தாள். நுனியை மென்று பஞ்சு போலாக்கினாள். பிள்ளைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எங்கே, அம்மாவுக்கு ஆ காட்டு."

அவள் கை முகத்தருகே வந்ததுதான் தாமதம். குண்டுமணி வாயை இறுக்கிக்கொண்டான். இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டான்.

"மாட்டேன்! மாட்டேன்!"

கரடியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "கசக்கிறது என்று சொல்ல, குச்சியை இன்னும் வாயிலேயே வைக்கவில்லையே!"

மரத்தில் இருந்த குரங்குக்கு எல்லாமே விளையாட்டு. அது தலைகீழாகத் தொங்கியபடி, "பாட்டுப் பாடு அக்கா! ஆடிக்கொண்டே தேய்த்துவிடு!" என்றது.

கரடியம்மா ஆடினாள், பாடினாள். குண்டுமணி கைதட்டிச் சிரித்தான். குச்சி கிட்டே வந்ததும் வாயை இறுக்கி, கண்களைப் பொத்திக்கொண்டான்.

"பாட்டாவது, கூத்தாவது! நீ கொடுக்கிற செல்லம்தான் இது. ஓர் அதட்டு அதட்டினால் திறக்காத வாயும் திறக்கும்" என்று முரட்டுக் காட்டெருமை உறுமியது.

கரடியம்மா அதட்டினாள். வாய் திறக்கத்தான் செய்தது. ஆனால் அழுவதற்குத் திறந்தது. அதைப் பார்த்து அவளும் அழுதாள்.

அப்போது நரி வந்தது. "இதற்குப் போய் அழலாமா? குச்சியில் தேனைத் தடவு. வாய் தானாகத் திறக்கும்" என்று காதோடு சொன்னது.

கரடியம்மா தேனைத் தடவினாள். குண்டுமணி குச்சியை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினான். தேனை மட்டும் நன்றாக நக்கினான். குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

யார் சொல்வது சரி? பாடுவதா, அதட்டுவதா, தேன் தடவுவதா? எதையும் விட்டுவிட அவளுக்குப் பயம். அதனால் மறுநாள் காலையில் பாடினாள், மதியம் அதட்டினாள், மாலையில் தேன் தடவினாள். குச்சி விளையாட்டா, தண்டனையா, தின்பண்டமா என்று குண்டுமணியும் குழம்பிப்போனான். கடைசியில் அம்மா கையை நீட்டினாலே ஓட ஆரம்பித்தான். அவள் முதுகில் ஏறவும் மறுத்துவிட்டான்.

குழந்தைகளே, கரடிக்குட்டிகள் அம்மாவின் முதுகில் ஏறித்தான் வெளியே போகும். ஏனென்றால் கறையான் தின்னப் புற்றுக்குப் போகும் வழியில், பாறைமேல் ஒரு சிறுத்தை படுத்திருக்கும்.

"என்ன கரடியம்மா, இன்றைக்காவது பிள்ளை நடந்து வருவானா? பயப்படாமல் அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அது பாறையிலிருந்தே கேலி பேசியது.

பிள்ளையைத் தனியே விட்டுப் போக முடியாது. நடத்தியும் கூட்டிப் போக முடியாது. இரண்டு நாளாக இருவருக்கும் பட்டினி.

மூன்றாம் நாள் கரடியம்மா சோர்ந்துபோய்ச் சுனைக்கரையில் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் குச்சியால் தன் பல்லையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

குண்டுமணி மரத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். மெல்ல வந்தான். குச்சியைப் பிடுங்கினான்.

"நான்! அம்மாவுக்கு நான்! அம்மா, ஆ!"

அவளும் வாயைத் திறந்தாள். குண்டுமணியின் கை நேரே வந்தது. குச்சியோடு சேர்ந்து ஐந்து குட்டி நகங்களும் விரிந்தபடி அவள் கண்ணை நோக்கி வந்தன.

"அம்மாடி!" கரடியம்மா சட்டென்று வாயை மூடினாள். இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

பொத்திய பிறகுதான் திடுக்கிட்டாள். கைகளை மெதுவாக எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு கையிலும் ஐந்து நகங்கள். ஒவ்வொன்றும் அரிவாள் போல வளைந்திருந்தது.

"குச்சியைப் பார்த்தேன், பல்லைப் பார்த்தேன். என் நகத்தை நான் பார்க்கவே இல்லையே! இதற்காகவா கண்ணை மூடினாய், ராசா?"

குண்டுமணிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "அம்மா, ஆ!" என்று அதட்டினான்.

அவன் தேய்த்து முடிக்கும்வரை கரடியம்மா வாயைத் திறந்து வைத்திருந்தாள். பிறகு அவனைத் தூக்கி, முதுகு தன் பக்கம் இருக்கும்படி மடியில் சாய்த்துக்கொண்டாள். இப்போது இருவர் முகங்களும் சுனைத் தண்ணீரில் தெரிந்தன. நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கினாள். குச்சியைப் பின்னாலிருந்து, தாடைக்குக் கீழாகக் கொண்டுவந்தாள்.

"உன் பல் எங்கே, காட்டு பார்ப்போம்."

குண்டுமணி தண்ணீரைப் பார்த்து, "ஆ!" என்றான்.

மேல் பல் முடிந்தது. கீழ்ப் பல்லில் பாதி ஆனதும் குச்சியைக் கடித்துப் பிடித்துக்கொண்டான். "போதும்" என்றான். கறுப்புப் புள்ளியும் கொஞ்சம் வெளுத்திருந்தது. கரடியம்மா விட்டுவிட்டாள்.

அவள் எழுந்ததும் குண்டுமணி தானாகவே அவள் முதுகில் ஏறிக்கொண்டான்.

புற்றுக்குப் போகும் வழியில் சிறுத்தை பாறையை விட்டு எழுந்தது. கரடியம்மா பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றாள். பிள்ளைக்காக மடக்கிய அதே பத்து நகங்களையும் அதன் முகத்துக்கு நேரே விரித்தாள்.

முதுகிலிருந்து குண்டுமணி எட்டிப் பார்த்து, "ஆ!" என்று பல்லைக் காட்டினான்.

சிறுத்தை கண்களை இறுக மூடிக்கொண்டது.

நீதி: ஒருவர் 'மாட்டேன்' என்றால், அவர் இருக்கும் இடத்தில் இருந்து பார், காரணம் உன் கையிலேயே இருக்கலாம்.