வேறொரு பெண்ணின் செல்கள்

திங்கட்கிழமை காலை சகாயராஜ் ஒரு தாளைக் கொண்டுவந்து குமுதவல்லியின் மேசையில் வைத்தார். வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

குமுதவல்லி புற்றுக்கட்டிகளின் மரபணுக்களை ஆராய்பவள். நாற்பத்துமூன்று வயது. சகாயராஜ் அவளிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர். ஐம்பத்தோரு வயது. கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் கண்டுபிடித்ததையே பாடம் நடத்தி அலுத்துப்போய், தானும் ஒன்றைக் கண்டுபிடிக்கலாமே என்று வந்தவர். வயதுக்காக குரு சீடரை சார் என்பாள். சீடர் குருவை மேடம் என்பார்.

"என்ன சார் இது?"

"ஆய்விதழ்ல கேட்ட பரிசோதனை மேடம். கட்டுரையில சொன்ன செல்கள் அந்தம்மாவோடதுதான்னு நிரூபிக்கச் சொன்னாங்க."

"நிரூபிச்சாச்சா?"

"அந்தம்மாவோடது இல்லையாம்."

அந்தம்மா என்றால் சிவகாமி. ஐந்து வருடத்துக்கு முன் மார்பகப் புற்றில் இறந்தவர். அறுத்து எடுத்த கட்டியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். அந்தக் கட்டியின் செல்களைத்தான் சகாயராஜ் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்க்கில் வளர்த்துவந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய ஊட்டநீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுவார். சொந்த மகனுக்கு எப்போது பரீட்சை என்று கேட்டால் விழிப்பார். செல்லுக்கு எப்போது பசிக்கும் என்று தெரியும்.

"பின்னே யாரோடது?"

"பக்கத்துத் தட்டுல வளர்க்கிறோமே, அது."

பக்கத்துத் தட்டில் இருப்பது பல ஆய்வுக்கூடங்களில் இருக்கும் வகை. என்றோ, எந்த ஊரிலோ, ஒரு பெண்ணிடமிருந்து எடுத்தது. கண்மண் தெரியாமல் வளரும். வேறு செல்களுக்கு நடுவே ஒரு துளி விழுந்தால் போதும். கொஞ்ச நாளில் வீட்டுக்காரரை வெளியே தள்ளிவிட்டு வீட்டைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். வாசலில் பெயர்ப்பலகை மட்டும் பழையபடி இருக்கும்.

"ரெண்டுக்கும் ஊட்டநீர் தனித்தனி பாட்டில்தானே?"

சகாயராஜ் தாளைப் பார்த்தார்.

"ஒரே பாட்டில் மேடம். கொஞ்ச நாளைக்குத்தான். ஆரம்பத்துல."

"வீட்டுல தயிர்ல போட்ட கரண்டியை ஊறுகாய்ல போடுவீங்களா?"

"என் வீட்டுக்காரி கையை ஒடிச்சிடுவா."

"அவங்களை நான் சேர்த்திருக்கணும்."

அதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

"நாலு வருஷம் போச்சு மேடம்."

"போச்சு."

"முதல் மாசம் உறைய வச்ச குப்பி ஒண்ணு பத்திரமா இருக்கு. அந்த ஒரே பாட்டிலுக்கு முன்னாடி வச்சது. நிச்சயமா அந்தம்மாவோடது. மறுபடி ஆரம்பிக்கலாம்."

"ஆரம்பிக்கலாம்." அவள் தாளை மடித்தாள். "இந்த செல்லைப் பத்தி வெளியில யாருக்காவது ஏதாவது சொன்னீங்களா சார்?"

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார்.

சிவகாமியின் கணவர் பூவராகன், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வருடம் ஒருமுறை, மனைவி இறந்த தேதிக்கு வருவார். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கா" என்பார். டீ குடித்துவிட்டுப் போவார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்தப்போ, பொண்ணுக்கும் வருமான்னு கேட்டார் மேடம். நான் செல்லைச் சோதிச்சுப் பார்த்திருந்தேன். வம்சவழியா வர்ற கோளாறு எதுவும் இல்லை. பயப்படாதீங்கன்னு சொல்லிட்டேன்."

"அதைச் சொல்ல ஆஸ்பத்திரியில ஆள் இருக்கு. நீங்க ஏன் சொன்னீங்க?"

"மனுஷன் கண் கலங்கி நின்னார். மனசு கேக்கலை."

"நீங்க சொன்னது சரிதான் சார். ஆனா வேற யாரோ பெத்த பொண்ணுக்கு."

அறையில் இன்குபேட்டர் முனகிக்கொண்டிருந்தது.

"மேடம், குப்பியை உருக்கி வளர்த்து, புதுசா சோதிச்சு, சரியான பதிலோட அவர்கிட்ட போறேன். ரெண்டே மாசம். இப்ப போய்ச் சொன்னா வெறும் பயத்தைத்தான் கொடுப்போம். கையில ஒரு பதில் இருக்க வேண்டாமா?"

குமுதவல்லி எழுந்து போய் இன்குபேட்டரைத் திறந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள்.

"பாருங்க."

பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை எவ்வளவு போட்டீங்க?"

"கொஞ்சம்தான். அங்கொண்ணு இங்கொண்ணா."

"இப்ப?"

"இடமே இல்லை மேடம்."

"இன்னைக்கு திங்கள்தான் சார். நீங்க ரெண்டு மாசம் கேக்கறீங்க."

சகாயராஜ் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பூவராகனை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

"சொல்லுங்க சார்! என்ன இப்பவே கூப்பிடுறீங்க, நான் வர இன்னும் மூணு வாரம் இருக்கே?"

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க வந்து பார்க்கிற செல் அக்காவோடது இல்லை. வேற ஒருத்தரோடது கலந்துடுச்சு. என் கையாலதான்."

"ஓ."

"அதனால, பொண்ணைப் பத்தி நான் சொன்னேன் இல்லையா. அது செல்லாது. சொல்லியிருக்கவே கூடாது."

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

"சார்," என்றார் பூவராகன். "தை மாசம் சுகந்தி வந்திருந்தா. மார்புல என்னமோ உருளுதுப்பா, காட்டிட்டு வரவான்னா. நான்தான் சொன்னேன். லேப் சாரே பார்த்துச் சொல்லிட்டார், உனக்கு அதெல்லாம் வராது, சும்மா பயந்து சாகாதேன்னு."

இது ஆவணி.

குமுதவல்லி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் குமுதவல்லி பேசறேன். சுகந்தி எங்கே இருக்காங்க?"

"இங்கதாம்மா. சமையல்கட்டுல. நாளைக்குக் கூட்டிட்டு வரட்டா?"

"நாளைக்கு வேண்டாம். இப்பவே கிளம்புங்க. இங்க வராதீங்க. அக்காவுக்கு ஆபரேஷன் பண்ணாங்களே, அந்த ஆஸ்பத்திரிக்கு. டாக்டர்கிட்ட நான் பேசிட்டு வாசல்ல நிக்கறேன்."

"சமைச்சது அப்படியே இருக்கும்மா."

"இருக்கட்டும்."

அவர் போனை வைக்கவில்லை. உள்ளே பார்த்து, "சுகந்தி, புடவையை மாத்தும்மா," என்று அவர் சொன்னது கேட்டது. ஏன் என்று அவள் கேட்டதும் கேட்டது. அவர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. அதற்குள் இணைப்பு போய்விட்டது.

குமுதவல்லி டாக்டரிடம் பேசினாள். கைப்பையை எடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். சகாயராஜ் பின்னாலேயே படியிறங்கினார். இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

சிக்னலில் ஆட்டோ நின்றது.

"மேடம்."

"ம்."

"வெறும் கொழுப்புக் கட்டியா இருக்கலாம். நிறையப் பேருக்கு அப்படித்தானே இருக்கு."

"இருக்கலாம்."

"அப்படி இருந்துட்டா நான் தப்பிச்சேன், இல்லையா மேடம்?"

குமுதவல்லி கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். ரொம்ப நேரம் தேய்த்தாள்.

"தப்பிக்கிறது அந்தப் பொண்ணு சார்," என்றாள். "நாம ரெண்டு பேரும் இல்லை."