ராஜா நீட்டிய வெற்றிலை

முன்னொரு காலத்தில் நெடுங்கானம் என்கிற நாட்டைத் திடவிரதன் என்ற ராஜா ஆண்டு வந்தார். பெயரில்தான் திடம். காலையில் சொன்னதை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவார்.

அந்த வட்டாரத்து ராஜ்யங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வேற்று நாட்டுத் தூதர் வந்தால் ராஜா தன் கையால் வெற்றிலை கொடுப்பார். வாங்கிக்கொண்டவர் திரும்பி எல்லை தாண்டும்வரை அவர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எல்லோரும் கடைப்பிடித்தார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் பாலவயல் நாட்டுத் தூதர் வேலப்பர் வந்தார். ராஜா கொடுத்த வெற்றிலையை மென்றுகொண்டே, "உங்கள் யானைகள் எங்கள் கரும்பை மேய்கின்றன, மகாராஜா. கொஞ்சம் கட்டி வையுங்கள்" என்றார்.

"என் யானையைக் கட்டச் சொல்ல நீ யார்? இவனைக் கட்டுங்கள்!"

சபை திகைத்துப்போனது. தளபதி பிங்கலர் மட்டும் கைதட்டினார். மந்திரி ஆசனத்தின்மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். "வழக்கமெல்லாம் படை இல்லாதவனுக்கு. மகாராஜாவுக்கு எதற்கு?"

"வெற்றிலையைத் துப்பச் சொல்லிவிட்டாவது பிடித்திருக்கலாம்" என்றார் மந்திரி தெய்வநாயகர்.

யாரும் சிரிக்கவில்லை. தூதர் சிறைக்குப் போனார்.

அடுத்த வாரம் இளவரசிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா, கீழைத்துறை ராஜா, பரிவாரத்தோடு வந்து விருந்து சாப்பிட்டார். திடவிரதன் தாம்பூலத் தட்டை நீட்டினார். சம்பந்தி கைகளை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

"வாங்கிக்கொள்ளுங்கள் சம்பந்தி."

"வாங்கலாம். நாங்கள் ஊர் திரும்ப வேண்டாமா?"

"அந்தத் தூதன் விஷயம் வேறு! நீங்கள் எனக்கு வேண்டியவர்."

"அவரும் வாயைத் திறக்கும்வரை வேண்டியவராகத்தானே இருந்தார்?"

திரைக்குப் பின்னால் இளவரசி விசும்புவது கேட்டது. தாம்பூலம் மாற்றாமல் ஏது கல்யாணம்?

பிங்கலர் ராஜாவின் காதைக் கடித்தார்: "இவரையும் பிடித்துப் போட்டுவிடலாம்."

மந்திரிக்கு அது கேட்டுவிட்டது. "தளபதியார் வழிதான் சரி, மகாராஜா. இனி வெற்றிலைக்கு மதிப்பில்லை என்று எல்லா நாட்டுக்கும் சொல்லிவிடுவோம். முதலில் பாலவயலுக்கு. அவரே தூது போகட்டும், இன்றைக்கே."

பிங்கலர் முகம் வெளிறிவிட்டது. "நானா? அவர்கள் ஆள் இங்கே சிறையில் கிடக்கிறானே! என்னைப் பிடித்துக்கொள்வார்களே!"

"பயம் எதற்கு? போனதும் வெற்றிலை கொடுப்பார்களே."

"வெற்றிலையை நம்பி யாராவது போவார்களா?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தூதரை அழைத்து வாருங்கள்" என்றார்.

மன்னிப்புக் கேட்டுப் புது வெற்றிலை கொடுத்தார். வேலப்பர் வாங்கினார், மெல்லவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். எல்லைக்கல்லைத் தாண்டிய பிறகே வாயில் போட்டுக்கொண்டாராம். துணைக்குப் போன வீரர்கள் வந்து சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகே சம்பந்தியின் கை தட்டுக்கு வந்தது.

பிங்கலருக்கு யானைகளைக் கட்டி மேய்க்கும் உத்தியோகம் கிடைத்தது. மந்திரிக்கு முத்துமாலை போட்டு, ராஜா தன் கையாலேயே வெற்றிலையும் கொடுத்தார். அவர் வணங்கி வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இன்னும் பயமா, மந்திரியாரே?"

"வீடு போய்ச் சேர வேண்டுமே, மகாராஜா."