ஜம்ப் என்ற சொல்லின் பிறப்பு

ஒரு நாற்காலி, மூன்று பேர், ஒரே ஒரு சொல். கேட்பவர்கள் எண்ணிக்கொண்டே வாருங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்.

நாகர்கோவிலில் ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகம். அதன் தலைமைத் தொகுப்பாளர் மதலைமுத்து. ஆங்கில எழுத்து இருபத்தாறில் பத்தாவது எழுத்துக்கு வந்து சேரவே அவருக்குப் பதினோரு ஆண்டு ஆகிவிட்டது. கண் மங்கிவிட்டது, இடுப்பிலும் வலி. இந்த நிலையில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு: தற்காலிகமாக வேலை செய்யும் மூவரில் ஒருவரை நிரந்தரமாக்கு, மற்ற இருவரை மாதக் கடைசியில் அனுப்பிவிடு.

யாரை அனுப்புவது? யோசித்து யோசித்து அலுத்துப்போய், மூவருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தார்: ‘ஜம்ப்’. ஒன்பது நாள் தவணை. சொல்லின் பொருள்களையும் பிறப்பையும் ஓர் அட்டையில் எழுதித் தர வேண்டும். அந்த அலுவலகத்தில் எல்லா அட்டைக்கும் அடியில் ‘பார்த்தவர்’ என்று ஒரு கோடு உண்டு. சான்று நூலைத் தன் கண்ணால் பார்த்து ஆராய்ந்தவர் பெயர்தான் அங்கே வரலாம்.

பத்தாம் நாள் காலை மூன்று அட்டைகளும் மேசைக்கு வந்தன. குதித்தல், திடுக்கிடுதல், விலை சட்டென்று ஏறுதல், வரிசையில் முந்திப் புகுதல் என்று பொருள்கள் பதினான்கு. மூவரும் ஒன்றைக்கூட விடவில்லை. பிறப்பில்தான் பிரிந்தார்கள்.

கோலப்பன் எழுதியது: ‘தரையில் கால் விழும் ஓசையிலிருந்து பிறந்தது. சான்று, ஐந்து நூல்கள்.’ ஐந்தையும் அவர் புரட்டிப் பார்த்தது உண்மை.

உமையாள் எழுதியது: ‘பிறப்பு தெரியவில்லை.’ அவ்வளவுதான்.

“அஞ்சு புஸ்தகம் தொண்டை கிழியச் சொல்லுது. பொறவும் தெரியலேன்னா, ஒமக்கு என்னதாம்மா தெரியும்?” என்று சிரித்தார் கோலப்பன்.

“உறுதியா ஒண்ணும் கிடைக்கல சார்” என்றாள் உமையாள், மதலைமுத்துவைப் பார்த்து.

மூன்றாவது அட்டை இபுராகிமுடையது. ‘கால் விழும் ஓசையிலிருந்து பிறந்திருக்கலாம். இது ஒரே ஒரு நூலின் ஊகம். மற்ற நான்கும் அதைப் பார்த்து எழுதியவை. எழுதும்போது ‘இருக்கலாம்’ என்பதை விட்டுவிட்டன.’

மதலைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகுதான் அடிக்கோட்டைப் பார்த்தார். பார்த்தவர்: உமையாள்.

“என்ன பாய் இது?”

“அதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தது இந்தம்மாதான் சார். நிச்சயமில்லாததை எழுதக் கூடாதுன்னு விட்டுட்டாங்க. டீ குடிக்கையில எங்கிட்டச் சொன்னாங்க. எழுதினாத் தேவலைன்னு எனக்குப் பட்டுது.”

“உங்க பேரைப் போட்டிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?”

“நான் பார்க்கலியே சார்.”

“ஒத்தை வரியில உத்தியோகத்தையே தாண்டிட்டீரே, ஓய்!” என்றார் கோலப்பன்.

மதலைமுத்து கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மூவரில் ஒருவரும் சோம்பவில்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவராவது பொய் சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்!

நீங்கள் சொல்லுங்கள்: அந்த நாற்காலி யாருக்கு உரியது?

விடை: உமையாளுக்கு. கோலப்பன் ஐந்து வாயை எண்ணினார். ஐந்திலும் பேசியது ஒரே நாக்கு என்று பார்க்கவில்லை. அச்சேற வேண்டியது இபுராகிம் எழுதிய வரிதான். கண்டதைச் சொல்லாமல் விட்டது உமையாளின் குறை. ஆனால் அந்தக் குறையை ஒரு நாளில் திருத்திவிடலாம். ஒரு நூல் எங்கிருந்து எடுத்தது என்று தேடிப் போகும் கண்ணை ஒருவருக்கு யாரும் கொடுக்க முடியாது. இபுராகிம் சாட்சி சொல்லியிராவிட்டால் இது எவருக்கும் தெரிந்திராது என்பதும் மெய். அதனால்தான் தீர்ப்பை அவரிடம் சொல்ல மதலைமுத்துவுக்கு வாய் வரவில்லை. பிற்பகலில் இபுராகிமே வந்து, “எந்தத் தேதிவரைக்கும் வரணும் சார்?” என்று கேட்டார்.